கிணத்துக்கடவு ரோட்டில் நான் அடித்த அடி

அதுவரை நான் யாரையும் அடித்ததில்லை. கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிராயிங் போடுகிற வேலை. உரக்கப் பேச வராது. மாமனாருக்கு அது பெரிய குறை. "மாப்ள ரொம்ப சாதுவுங்க" என்றுதான் சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார். எனக்கு ஏதோ சீக்கு இருப்பதைச் சொல்வதுபோல இருக்கும்.

போன வருடம் பொள்ளாச்சியில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தோம். காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் மாமனார், பின்னால் என் மனைவியும் அவள் தம்பியும். கிணத்துக்கடவு நெருங்கும்போது தேங்காய் ஏற்றிய மினி வேன் ஒன்று உரசி, காரின் பக்கக் கண்ணாடி உடைந்தது. இரண்டு வண்டிகளும் ஓரமாக நின்றன. நான் இறங்கினேன். வேன் டிரைவர் கையைக் கூப்பியபடியே வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"தெரியாமப் பட்டுருச்சுங்ணா. நான் மாத்திக் குடுத்தர்றனுங்க."

எனக்கு அவ்வளவு போதும். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காருக்குள்ளிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"ஏனுங் மாப்ள, நீங்களே அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுப்போட்டு வந்துருவீங்களாட்ட இருக்குது? ரெண்டு போடறதுக்கு நான்தான் எறங்கி வரோணுங்களா?"

மைத்துனன் சிரித்தான். என் மனைவி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடித்தேன். கும்பிட்ட கைகள் கீழே இறங்கும் முன்பே அடித்தேன். இடது கன்னத்தில் விழவேண்டிய அடி, காதோடு சேர்த்து விழுந்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் காரில் ஏறினேன்.

"இப்பத்தானுங்க மச்சான் நீங்க ஆம்பளை!" என்று மைத்துனன் என் தோளைத் தட்டினான். மாமனார் வீட்டுக்குப் போவதற்குள் மாமியாருக்குச் செய்தி போய்விட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் கறியை என் இலையில் அள்ளி அள்ளி வைத்தார்கள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லிப் பிரயோசனமில்லை, உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

ஒரு வாரம் தூக்கம் சரியாக வரவில்லை. வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்த தேங்காய் உலர்த்தும் களத்தின் பெயர் நினைவில் இருந்தது. தேடிப் போனேன். அவர் அங்கேதான் இருந்தார். நான் பேசப் பேச வலது காதைத் திருப்பிக் கேட்டார். இடது காதின் ஜவ்வு கிழிந்துவிட்டதாக உள்ளூர் டாக்டர் சொன்னாராம்.

"என்னை மன்னிச்சுருங்க. நாளைக்கே கோயமுத்தூர்ல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறனுங்க" என்றேன்.

அவர் சொன்னார்: "காது வலியக்கூடப் பொறுத்துக்கலாமுங்க. அடி வாங்கிட்டு ஒருத்தன் சும்மா வருவானான்னு எங்கண்ணன் கேக்கறாருங்க. என்ற சம்சாரமும் கேட்டுப்போட்டா, நீயெல்லாம் ஒரு ஆம்பளையான்னு."

அடித்தால்தான் ஆம்பளை என்று என் வீட்டில் சொன்னார்கள். திருப்பி அடிக்காததால் ஆம்பளை இல்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். நடுவில் கிழிந்தது ஒரு மனிதனின் காது. இந்த எழவெடுத்த ஆம்பளைத்தனத்தை யார் எங்கள் தலையில் கட்டியது? கட்டியவர்களைச் சொல்லி நான் தப்பிக்கவும் முடியாது. கை என்னுடையது.

மூன்று முறை அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். காது ஓரளவு தேறியது. ஆனால் சந்தைக் கடை இரைச்சலில் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் அவருக்கு விளங்காது.

பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். இலை போட்டு உட்கார்ந்ததும் மாமனார் என் வீரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். "மாப்ள உட்டாரு பாருங்க ஒண்ணு!"

"நிறுத்துங்க மாமா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "கும்புட்டு நின்னவரோட காதைச் செவிடாக்கிப்போட்டு வந்திருக்கறேன். அதுக்கா கறி போட்டீங்க? நீங்க ஏத்திவிட்டீங்க, நான் மானங்கெட்டுப் போய் அடிச்சேன். இதுல வீரம் எங்கீங்க இருக்குது?"

மாமனார் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

திரும்பும் வழியில் மனைவி அழுதாள். "அத்தன பேரு முன்னால எங்கப்பாவ அப்படிப் பேசிப்போட்டீங்களே."

"அந்த டிரைவருக்காக ஒரு நாளாவது நீ அழுதியா?" என்று கேட்டேன். மாமனார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எனக்குத் திமிர் ஏறிவிட்டதாகச் சொந்தத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

சொல்லட்டும்.