சபை வெப்சைட்டும் என் செல் நம்பரும்

“முன்னாடி ஏதோ ஒண்ணு இருந்திச்சு. இப்போ நம்ம மருமக புதுசா, நல்லா பண்ணிக் குடுத்திருக்குது. எல்லாரும் ஒரு தரம் கை தட்டுங்க” என்று பாஸ்டர் மைக்கில் சொன்னபோது, நான் சபைக் கட்டடத்தின் வாசலில், செருப்புகள் குவிந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ‘ஏதோ ஒண்ணு’ நான் செய்த வெப்சைட்.

எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். சுவரில் கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் புரொஜெக்டர் வெளிச்சம் விழ, புது வெப்சைட் ஓடியது. வசனத்தின் எண்ணைத் தொட்டால் வசனமே விரிந்தது. காலண்டரில் உபவாச ஜெபம் இருக்கிற நாளைத் தொட்டு வைத்தால், முதல் நாளே செல்லில் ஞாபகப்படுத்துமாம். என் வெப்சைட்டில் அதெல்லாம் கிடையாது. மேலே செஞ்சி ராஜகிரிக் கோட்டை, மூலையில் சிறகடிக்கிற புறா, ‘வருக வருக’ என்று மின்னுகிற எழுத்து, அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுகிற கவுண்டர். அந்தக் கவுண்டரில் பாதிக்கு மேல் நான்தான். புதியதில் கோட்டையைக் காணோம், புறாவையும் காணோம்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. செஞ்சியை ஒட்டிய சிங்கவரத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற வீடு எங்களுடையது. ஒன்பதாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. பெங்களூரில் பேக்கரி, திருப்பூரில் பனியன் கம்பெனி, அப்புறம் ஆந்திராவில் போர்வெல் லாரி. எந்த ஊரும் எனக்கு ரொம்ப நாள் தாங்காது. போர் குழாய் இடது கையில் இரண்டு விரலை நசுக்கிய பிறகு செஞ்சிக்குத் திரும்பி வந்தேன். நைனா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “களை வெட்ட இது ஆவாது” என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். மவுஸ் பிடிக்க வலது கை போதும்.

கிறிஸ்துமஸ் ஃப்ளெக்ஸ் அடிக்க வந்தபோதுதான் பாஸ்டர் பழக்கமானார். சபை, வல்லம் போகிற பஸ் நிற்கும் ஒரு ஸ்டாப்பிங்கிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. “நெட்டுல நம்ம சபைய போட முடியுமா தம்பி?” என்று கேட்டார். பெங்களூர் ரூமில் உடன் இருந்த ஒருவன், இலவசமாக வெப்சைட் செய்வதை எனக்குக் காட்டியிருந்தான். படத்தை இழுத்து வைக்க வேண்டும், எழுத்தைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். முடியும் என்றேன்.

கணக்கு தொடங்கும்போது செல் நம்பர் கேட்டது. பாஸ்டர் செல்லை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டார்கள். கேஸ் சிலிண்டர் பதிவாகட்டும், பேங்க் கணக்காகட்டும், அந்த நேரம் பக்கத்தில் நிற்கிறவன் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். பிறகு அவன் எங்கே என்று ஊரெல்லாம் தேடுவார்கள்.

“உன்னுதே போடு தம்பி. நீ எங்க போவப் போற?” என்றார் பாஸ்டர்.

என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. போட்டேன். சபையின் மெயில், வெப்சைட், வீடியோ சேனல் எல்லாம் அந்த ஒரே கணக்கில், என் நம்பரில். அதுவரை ஊருக்கு ஒரு சிம் மாற்றிக்கொண்டிருந்தவன், அந்த சிம்மை மட்டும் காலாவதியாக விடாமல் ரீசார்ஜ் செய்து வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு சபையில் எனக்கு ஒரு பெயர் வந்தது. ‘வெப்சைட் தம்பி.’ சனிக்கிழமை பாஸ்டர் அறிவிப்புகளை வாய்ஸில் அனுப்புவார், நான் தட்டிப் போடுவேன். ஜெப விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை விற்கிற அம்மா ஒருவர் சபைக்குப் போகிறவர். ஒரு நாள் கூடையோடு வந்து நின்றார்.

“தம்பி, எங்க ஊட்டுக்காரு குடிய நிறுத்தணும்னு போடு. ஆனா எம் பேர போட்டுடாத. மானம் போயிடும்.”

பேரைப் போடவில்லை. ‘பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை விற்கும் ஒரு சகோதரியின் கணவர் குடிப்பழக்கத்திலிருந்து விடுபட’ என்று போட்டேன். மறுநாள் அவர் கூடையை என் மேஜைமேல் வைத்துவிட்டுக் கத்தினார்.

“ஏன்டா தம்பி, பேரு மட்டுந்தான் பாக்கி. ஊட்டு நம்பரையும் போட வேண்டியதுதான?”

கடை முதலாளி பில் போடுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். ஒரு பிடி கடலை கொடுத்துவிட்டுப் போனார். அப்படி இருந்தது என் காலம்.

பாஸ்டர் மகனுக்குக் கல்யாணமாகி அந்தப் பெண் வந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் படித்து, அங்கேயே வேலை பார்த்த பெண். இப்போது வீட்டிலிருந்தே வேலை. திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அது நேராகக் கடைக்கு வந்து, “நீங்கதான் வெப்சைட் அண்ணாவா? ஒரு சின்ன ஹெல்ப்” என்று கும்பிட்டுப் பேசியது. கும்பிட்ட கையில் மருதாணி இன்னும் முழுசாகப் போகவில்லை.

மேப்பில் சபை இருக்கும் இடத்தை நான் பஸ் ஸ்டாப்பிங்கில் குத்தி வைத்திருந்தேன். ஏனென்றால் வருகிறவர்கள் அங்கேதான் இறங்க வேண்டும். அதைப் பார்த்து அந்தப் பெண் மெதுவாகச் சொன்னது, “அண்ணா, கார்ல வர்றவங்க டீக்கடை வாசல்ல வந்து நிக்கிறாங்க.” சரியாகத்தான் சொன்னது. சரியாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். உள்ளே நுழையும்போது என் செல்லுக்கு ஓடிபி வந்தது. சொன்னேன். “இந்த நம்பரையும் ஒரு நாள் மாத்திடலாம்ணா” என்றது. “மாத்திடலாம்” என்றேன். அந்த ஒரு நாளைப் பற்றி நான் பிறகு பேசவில்லை.

வேட்டியில் வெப்சைட்டைக் காட்டிக் கை தட்டிய ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அறிவிப்பு வாய்ஸ் எனக்கு வருவது நின்றது. ஜெப விண்ணப்பத்துக்கு அந்தப் பெண் ஒரு இடம் வைத்திருந்தது. அங்கே எழுதினால், அல்லது பேசி அனுப்பினால், பாஸ்டருக்கு மட்டும் போகும். மல்லாட்டை அம்மா ஒரு நாள் கடையைத் தாண்டிப் போகிறபோது நானே கூப்பிட்டேன்.

“இன்னா, விண்ணப்பம் ஒண்ணும் இல்லியா?”

“அதான் அந்தப் பொண்ணு செல்லுல பண்ணிக் குடுத்திருக்குதே. நானே பேசி அனுப்பிடறன். ஒருத்தருக்கும் தெரியாது. நீ வேலயப் பாரு தம்பி.”

‘தம்பி’தான் மிச்சம். ‘வெப்சைட்’ போய்விட்டது. சபைப் பிள்ளைகள் அந்தப் பெண்ணை ‘வெப்சைட் அக்கா’ என்று கூப்பிடுவதைக் காதால் கேட்டேன். அன்று ஒரு கல்யாண ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளை படத்தின் கீழே பெண்ணின் பெயரைப் போட்டு, முதலாளியிடம் திட்டு வாங்கினேன். “சபைக்காரங்க உன்ன சேத்துக்கல, நாங்களும் தள்ளி உட்டுட்டா எங்கடா போவ?” என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

எனக்கென்று இருந்தது அந்த ஓடிபி ஒன்றுதான். புது இடத்திலிருந்து உள்ளே நுழைந்தாலோ, எதையாவது மாற்றினாலோ அது என் செல்லுக்குத்தான் வரும். அந்தப் பெண் போன் செய்து, “அண்ணா, வந்துச்சா?” என்று கேட்கும். உடனே சொல்லிவிடுவேன், ஒரு நாளும் இழுத்தடித்ததில்லை. ஆனால் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். இவ்வளவு படித்த பெண் நான் சொல்லாமல் உள்ளே போக முடியாது என்பது, வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஞாபகத்துக்கு வரும். மனசு குளிரும்.

மல்லாட்டை அம்மாவின் வீட்டுக்காரர் ஒரு நாள் விடியற்காலையில் செத்துப்போனார். குடி நின்று சில மாதங்கள் ஆகியிருந்தது. ஈரல் காத்திருக்கவில்லை. ஒரே மகன் மஸ்கட்டில் கட்டட வேலை. கம்பெனி விடவில்லை. சபையில் நடக்கிற அடக்க ஆராதனையை வெப்சைட்டில் லைவாகக் காட்டிவிடலாம், மகன் அங்கிருந்தே பார்க்கட்டும் என்று பாஸ்டர் முடிவு செய்தார்.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை நான்தான் டிசைன் போட்டேன், நான்தான் கட்டவும் போனேன். சபை வாசலில் ஸ்டூல்மேல் நின்று கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தது.

“அண்ணா, இது புது செல்லு. பழசு தண்ணியில விழுந்துடுச்சு. உள்ள விட மாட்டேங்குது. ஓடிபி வந்துச்சா?”

செல்லை எடுத்தேன். அந்த இடத்தில் எப்போதும் டவர் சரியாக இருக்காது. ஒன்றும் வரவில்லை. தெருப்பக்கம் ஓடினேன். வந்தது. திரும்பி ஓடி வந்து சொன்னேன், நேரம் கடந்துவிட்டது என்று காட்டியது. மறுபடி அனுப்பச் சொன்னேன். வரவில்லை. உள்ளே பாட்டு முடிந்துவிட்டது. சொந்தக்காரர் ஒருவர், “பொழுதோட எடுக்கணும், இன்னாத்துக்கு நிக்கிறீங்க?” என்று குரல் கொடுத்தார். பாஸ்டர் வாசலுக்கு வந்து பார்த்தார்.

“அந்தத் தம்பிகிட்டதான் நம்பர் இருக்குது” என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மல்லாட்டை அம்மாவும் சவப்பெட்டி ஓரத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

சபையில் எல்லாரும் என்னைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். அப்போது அந்த அம்மா பார்த்த பார்வைக்கு எங்கே போய் நிற்பதென்று தெரியவில்லை. மதில்மேல் ஏறினேன். இடது கை பிடிக்கவில்லை, முழங்கால் தேய்ந்தது. செல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். வந்தது. அங்கிருந்தே கத்திச் சொன்னேன். அந்தப் பெண் கீழே நின்று தட்டியது.

லைவ் ஓடியது. மகன் மஸ்கட்டிலிருந்து பேசுவதற்கும் அந்தப் பெண் வழி செய்திருந்தது. வேட்டியில் அவன் முகம் வந்தது, தலையில் கம்பெனித் தொப்பி. அப்பன் முகத்தைப் பார்த்ததும் அவன் அழுகை சபை ஸ்பீக்கரில் வெடித்தது. பிள்ளைகள் மிரண்டார்கள். அந்தப் பெண் சட்டென்று ஸ்பீக்கர் சத்தத்தை அடக்கிவிட்டு, தன் செல்லை அந்த அம்மாவின் காதில் வைத்தது. அம்மாவும் மகனும் மட்டும் அழுதார்கள். எனக்கு அது தோன்றியிருக்காது. நானாக இருந்தால் ஸ்பீக்கரை அலறவிட்டு, படம் தெளிவாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அந்த இடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

எடுத்துப் போன பிறகு அந்த அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னாலதான் எம் புள்ள அவங்கப்பன் மூஞ்சியப் பாத்தான்” என்றார்.

“அண்ணாதான் ஓடிபி குடுத்தாங்க” என்றது அந்தப் பெண்.

“அது இன்னாத்தக் குடுத்துச்சோ, எனக்கு இன்னா தெரியும்” என்றார் அந்த அம்மா.

முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னேன், “சிஸ்டர், அந்த நம்பர இப்பவே மாத்திடுங்க.”

“இப்பவேவா? அவசரம் இல்லண்ணா.”

“இப்பவே. நான் எந்த ஊர்ல இருப்பன்னு எனக்கே தெரியாது.”

என் நம்பரை எடுப்பதற்கும் என் செல்லுக்குத்தான் ஓடிபி வந்தது. இந்த முறை மதில் ஏற வேண்டியிருக்கவில்லை. படித்துச் சொன்னேன். அந்தப் பெண்ணின் நம்பர் உள்ளே போனது. பிறகு அவிழ்ந்து தொங்கிய ஃப்ளெக்ஸ் கயிற்றை முடிந்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

இன்னும் செஞ்சியில்தான் இருக்கிறேன். ஓசூரில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம், போகலாம் என்று இருக்கிறது. சபை வெப்சைட்டை மட்டும் அவ்வப்போது திறந்து பார்க்கிறேன், எங்காவது பிழை கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை.

போன வாரம் பாஸ்டர் சபை ஆண்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வந்தார். தன் படம், மருமகள் செய்த வெப்சைட்டின் முகவரி, இரண்டும் வேண்டும் என்றார். அந்த முகவரி மட்டும் நான் வைத்தது. கல்யாணப் பத்திரிகைகளிலும் பெயர்ப் பலகையிலும் ஏறிவிட்டதால் அந்தப் பெண் அதை மாற்றவில்லை. டிசைன் முடித்துக் காட்டினேன்.

“இன்னா தம்பி, என் மூஞ்சிய விட வெப்சைட்டு பேரு பெருசா இருக்குது?”

“பஸ்ல போறவங்களுக்குத் தெரியணும் இல்ல பாஸ்டர்” என்றேன்.

தலையைச் சாய்த்துப் பார்த்தார். சரி என்றார். அவர் படி இறங்கிப் போனதும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி பிரிண்டுக்கு அனுப்பினேன்.