செவலையின் தலை அளவு

1. பட்டை மட்டும்

"தம்பி, உன் பெல்ட் என் கையில இருக்கு. நாய் இல்ல."

காளவாசலில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் முருகேசன் அண்ணன் காலை பத்தேகாலுக்கு என்னை போனில் அழைத்துச் சொன்னது இவ்வளவுதான். நான் அப்போது வில்லாபுரத்தில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, வேறொரு நாய்க்கான கழுத்துப் பட்டையின் ஓரத்தை மெழுகு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"பக்கிள் விட்டுருச்சாண்ணே?"

"விடல. பூட்டுனது பூட்டுனபடியே இருக்கு. உள்ள இருந்த நாயத்தான் காணோம்."

வீட்டிலேயே தோல் பட்டை தைத்து விற்கலாம் என்று நினைக்கும் தம்பி, தங்கைகள் என்னிடம் எந்த ஊசி, எந்த நூல், தோல் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். அவற்றையெல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்தப் பத்தேகால் மணிக்குப் பிறகு நடந்ததைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

2. இந்த வேலைக்கு வந்தது

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறார். நான் பி.காம். முடித்து ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஒரு வருடம் பில் போட்டேன். கடையை மூடிவிட்டார்கள். அதன்பின் வீடியோ பார்த்து, நோட்டுப் போட்டு எழுதி, தோல் வேலை கற்றேன். பரீட்சைக்குப் படிப்பது போலவே படித்தேன். எனக்கு வேறு விதமாகப் படிக்கத் தெரியாது.

முதல் பட்டையை எங்கள் தெருநாய்க்குப் போட்டேன். இரண்டு நாளில் அது அதைக் கழற்றித் தின்றுவிட்டது. தோல் நல்ல தோல் என்று தெரிந்துகொண்டேன்.

அம்மா சொந்தக்காரர்களிடம் "தம்பி ஆன்லைன்ல வேலை பாக்குறான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அது பொய்யில்லை. ஆர்டர்கள் ஆன்லைனில்தான் வருகின்றன. அப்பா மட்டும் ஒருமுறை நேராகவே கேட்டார்.

"ஏம்ப்பா, பதினஞ்சு வருசம் படிச்சது நாய்க்கு வார் தைக்கவா?"

"நாய்க்கு மட்டும் இல்லப்பா. ஒரு குதிரைக்கும் கேட்டுருக்காக."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார்.

3. நூலில் வந்த அளவு

முருகேசன் அண்ணன் வாங்கியது சிப்பிப்பாறை வகைப் பெட்டை நாய். செம்மண் நிறம். ஒல்லி உடம்பு, நீளக் கால், ஊசி மூஞ்சி. ஓடினால் ஆள் பிடிக்க முடியாது. விளாங்குடியில் தவசி என்பவர் வளர்த்தது. அண்ணன் தன் தோட்டத்துக் காவலுக்காக அதைக் கேட்டு மூன்று வருடமாக நடந்திருக்கிறார். தவசி கொடுக்கவில்லை. இப்போது திருப்பூரில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போவதால்தான் சம்மதித்தார்.

மாடு விற்கிறவர்கள் மாட்டைத்தான் கொடுப்பார்கள், கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். விற்கிறவர் தன் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வார், வாங்குகிறவர் தான் கொண்டுவந்த புதுக் கயிற்றைப் போட்டு ஓட்டிப் போவார். தவசி நாய்க்கும் அதே முறைதான் என்று சொல்லிவிட்டார். புதுப் பட்டை, கை மாறும் நேரத்தில், வாங்குகிறவர் கையால்தான் ஏற வேண்டும். அதற்கு முன் போட்டுப் பார்க்கக் கூடாது.

"அளவு வேணும்னா நான் நூல் புடிச்சுத் தாரேன். அத வச்சுத் தச்சுக்கச் சொல்லுங்க" என்று கழுத்தைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அறுத்துக் கொடுத்திருக்கிறார். அண்ணன் அதை ஒரு கவரில் போட்டு என்னிடம் தந்தார். பதினாலு அங்குலம்.

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். நான் நூலை அளந்து, இரண்டு விரலுக்கு இடம் விட்டு, திண்டுக்கல்லிலிருந்து வாங்கிய தோலில் ஒன்றரை அங்குல அகலத்தில் பட்டை வெட்டினேன். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்துப் போடும் இரண்டு ஊசித் தையல், பித்தளை பக்கிள். அண்ணனின் மனைவி நாய்க்கு 'டெய்சி' என்று பெயர் வைத்திருந்தார். அதையும் தோலில் அடித்துக் கொடுத்தேன். நான்கு நாள் வேலை. நான் அதுவரை செய்ததில் அதுதான் அழகான பட்டை. நாயை மட்டும் நான் பார்க்கவில்லை.

4. இரண்டு மணி நேரம்

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காளவாசல் போனேன். அண்ணன் கடை வாசலில் பட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். நாயைப் பிடித்து நடத்தும் வார் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கை மாற்றம் காலையில் நல்லபடியாக முடிந்து, ஆட்டோவில் கூட்டிவந்து கடையில் இறக்கியிருக்கிறார். ஒரு பஸ்காரர் ஹாரன் அடித்திருக்கிறார். நாய் நாலு அடி பின்னால் போயிருக்கிறது. பட்டை முன்னால் நின்றுவிட்டது.

நான் பட்டையை வாங்கிப் பார்த்தேன். தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. அப்போது நான் கேட்டதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"சரியான ஓட்டையிலதான் மாட்டுனீங்களாண்ணே?"

அண்ணன் பட்டையின் ஓட்டைகளைக் குனிந்து பார்த்தார். பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்.

"என்ன மாப்ள, மூணு வருசமா கேட்டு வாங்குன நாய மூணு மணி நேரம் வச்சிருக்கத் தெரியலயே உனக்கு."

"நான்தேன் லூசா மாட்டிட்டேன் போல" என்றார் அண்ணன்.

நான் மறுக்கவில்லை. அளவு சரி, தையல் சரி என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது.

நாய் வளர்ந்த வீட்டுக்குத்தான் போகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் வண்டியில் விளாங்குடி போனோம். வழியெல்லாம் அண்ணன் பின்னால் உட்கார்ந்து "டெய்சி! டெய்சி!" என்று கத்திக்கொண்டே வந்தார். காலை ஏழரைக்குக் கை மாறியபோதுதான் அதன் காதில் அந்தப் பெயர் முதன்முதலாக விழுந்தது. ஒரு வீட்டு மாடியிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை எட்டிப் பார்த்தது.

தவசியின் வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் நாய் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா, "அவுக ஒம்போது மணிக்கே சாமானோட கிளம்பிட்டாகளே" என்றார். போன் போட்டோம். எடுக்கவில்லை.

அண்ணன் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இங்க வந்தாலும் ஆள் இல்ல. என் வீடு அதுக்குத் தெரியாது. எங்கிட்டுடா போகும் அது?" என்றார். என்னைக் கேட்டாரா, பூட்டைக் கேட்டாரா தெரியவில்லை. திரும்பி வரும்போது அவர் நாயைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. பைபாஸ் ஓரத்தில் எதுவாவது கிடந்தால் மட்டும் நிறுத்தச் சொன்னார். ஒரு சாக்கு, ஒரு கிழிந்த டயர், இன்னொரு சாக்கு.

5. பஸ்ஸிலிருந்து பேசியது

காளவாசல் வந்ததும் டீக்கடைக்காரர், "எங்கய்யா சுத்துறீக? அது இங்கனதான கெடக்கு" என்றார்.

கடைகளுக்குப் பின்னால், பஞ்சர் கடை ஓரத்தில் நின்ற லோடு வண்டியின் அடியில் படுத்திருந்தது. அண்ணன் பக்கத்தில் போனார். அது எழுந்து பத்தடி தள்ளிப் போய் நின்றது. அவர் நின்றார். அது திரும்பி வந்து படுத்தது. மூன்று முறை இப்படியே நடந்தது. அந்தச் சந்தின் மறுமுனை நேராக மெயின் ரோட்டில் போய்த்தான் முடிகிறது.

அப்போதுதான் நான் அந்த வகை நாயை முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தேன். லேப்ரடாருக்கும் தெருநாய்க்கும் கழுத்தைவிடத் தலை பெரிது. பட்டையைத் தலை தடுத்து நிறுத்தும். இதற்குக் கழுத்தைவிடத் தலை சின்னது. இரண்டு விரல் இடம் விட்டால், பின்னால் இழுத்த நிமிடம் பட்டை வளையல் மாதிரிக் கழன்றுவிடும். யார் எந்த ஓட்டையில் மாட்டினாலும் கழன்றுதான் இருக்கும்.

"அண்ணே, நீங்க சரியாத்தான் மாட்டியிருக்கீங்க. தப்பு என்னோடது. கழுத்த மட்டும் கேட்டேன், தலைய கேக்கவே இல்ல. இந்தப் பட்டைய மறுபடி போட்டாலும் நிக்காது."

அண்ணன் என்னைப் பார்த்தார். டீக்கடைக்காரரும் பார்த்தார். "இத ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றார் அண்ணன். சத்தமாகச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் தவசியே திருப்பி அழைத்தார். ஒட்டன்சத்திரம் தாண்டிய பஸ்ஸில் இருந்தார். விஷயத்தைச் சொன்னோம். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"ஏ செவலே. செவலே. இங்கிட்டு வா ஆத்தா."

நாய் காதைத் தூக்கியது. லோடு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அண்ணன் கையிலிருந்த போனை மோந்து பார்த்தது. பின்பக்கமும் மோந்து பார்த்தது.

"ஒரு கயித்துல சுருக்குப் போட்டுப் புடிச்சிருவமா?" என்றார் டீக்கடைக்காரர்.

போன் கத்தியது. "யார்ரா அது சுருக்குங்கிறது? குட்டியில எவனோ சுருக்குப் போட்டு இழுத்துருக்கான். கயிறக் கண்டாலே கடிக்கும், இல்லாட்டி ஓடிரும். பட்டையா இருந்தா நிக்கும். கையாலயும் அமுக்காதீக."

தலை சின்ன நாய்களுக்கு வேறு மாதிரிப் பட்டை உண்டு என்று எப்போதோ வீடியோ பார்த்து நோட்டில் எழுதியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. செய்ததில்லை. பட்டையின் இரண்டு முனையிலும் வளையம் வைத்து, அந்த வளையங்களின் வழியாக ஒரு சின்ன வாரை ஓட்டி மூட்ட வேண்டும். நாய் இழுத்தால் வளையங்கள் நெருங்கி வந்து பட்டை கழுத்தோடு ஒட்டும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் நெரிக்காது. கருவிப் பையில் வளையமும் நூலும் இருந்தன. தோல்தான் இல்லை.

"எம்புட்டு நேரம் ஆகும்?" என்றார் தவசி.

"நாப்பது நிமிசம்ணே. அதுவரைக்கும் அது இங்கேயே நிக்கணும்."

"நான் பேசிக்கிட்டே இருக்கேன். நீ தை."

பஞ்சர் கடைப் பலகையில் உட்கார்ந்து, நான்கு நாள் தைத்த பட்டையின் பக்கிளை அறுத்து எடுத்தேன். 'டெய்சி'யில் கடைசி எழுத்து அதோடு போனது. அந்தச் சின்ன வாருக்காக, பிடிக்கிற வாரில் ஓரடி வெட்டினேன். குத்தூசியால் ஓட்டை போட்டு, மூன்று இடத்தில் இரண்டு ஊசித் தையல். அளவுகோல் வைத்துக் கோடு போட நேரமில்லை. தையல் கோணலாகத்தான் வந்தது.

தவசி பேசிக்கொண்டே இருந்தார். திருப்பூரில் வீடு மாடியில் இருப்பதைச் சொன்னார். மாடியில் நாய் வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னார். புது ஆள் நல்ல ஆள், மூன்று வருடம் நடந்த ஆள், கடித்துக் கிடித்து வைக்காதே என்றார். இடையில் பஸ்ஸில் யாரோ கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"யார்ட்டண்ணே இம்புட்டு நேரமா பேசுறீக?"

"நாய்ட்ட."

"அது என்னங்குது?"

"ஒண்ணும் சொல்லல. கோவமா இருக்கு."

சிக்னல் ஒருமுறை அறுந்தது. நாய் சந்தின் மறுமுனையைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. என் ஊசி விரலில் ஏறியது. அண்ணன் அசையாமல் நின்று, "செவலே" என்று முதல்முறையாக அந்தப் பெயரைச் சொன்னார். அது நின்று திரும்பிப் பார்த்தது. அதற்குள் தவசி திரும்ப லைனில் வந்துவிட்டார்.

கடைசி முடிச்சைப் போட்டு, மீதி வாரைச் சின்ன வாரில் கோத்து அண்ணனிடம் கொடுத்தேன். வாங்குகிறவர் கையால்தான் ஏற வேண்டும். நாய் போனை மோந்துகொண்டிருக்கும்போது, மாலை போடுவது போல மெதுவாகத் தலை வழியாக இறக்கினார். சரியாக அந்த நேரம் மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நாய் பின்னால் எகிறியது. வளையங்கள் இரண்டும் 'டக்' என்று சேர்ந்தன. பட்டை காதுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. நாயும் நின்றது.

"ஏறிருச்சா?" என்றது போன்.

"ஏறிருச்சுண்ணே."

"நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப வச்சிரட்டுமா?"

கொஞ்ச நேரம் பஸ் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவரே வைத்துவிட்டார். நாய் அணைந்த போனை இன்னும் இரண்டு முறை மோந்து பார்த்துவிட்டு, அண்ணன் காலடியில் உட்கார்ந்தது. அவர் வாரைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

6. கற்றுக்கொண்டது

மறுவாரம் நல்ல பட்டை ஒன்று தைத்து எடுத்துப் போனேன். அண்ணன் வாங்கவில்லை. "கோணத் தையலா இருந்தாலும் அது நிக்குதுல்ல. இதுவே இருக்கட்டும்" என்றார். எனக்கு அந்தத் தையலைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும், அதனால் அவர் கடைப் பக்கம் போனால் நாயின் முகத்தை மட்டும் பார்ப்பேன்.

பட்டை கழன்றால் முதலில் பட்டை தைத்தவனைச் சந்தேகப்படுங்கள். நீங்களே தைத்திருந்தாலும் அப்படித்தான். அளவு சரியாக இருப்பதால் வேலை சரியாக இருக்கிறது என்று நான் இரண்டு மணி நேரம் இன்னொருவர் தலையில் பழியை வைத்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தை நான் எப்படியும் ஈடு செய்ய முடியாது.

இப்போது யார் ஆர்டர் கொடுத்தாலும் மூன்று அளவு கேட்கிறேன்: கழுத்தின் அடி, காதுக்குப் பின்னால், தலைச் சுற்று. பக்கத்து ஊராக இருந்தால் நானே போய் நாயைப் பார்த்துவிட்டுத்தான் தோலில் கத்தி வைக்கிறேன். பலருக்கு எரிச்சல் வருகிறது. "தலைக்கு எதுக்குப்பா அளவு? தொப்பியா தைக்கப் போற?" என்று போன மாதம் ஒருவர் கேட்டார். அளந்தால்தான் தைப்பேன் என்றேன். ஆர்டரை ரத்து செய்துவிட்டார்.

அவர் நாய் என்ன வகை என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். மூன்று நாள் கழித்து நானே அவரை அழைத்துக் கேட்டேன். சிப்பிப்பாறை என்றார். செவலை கழன்று போன கதையை அரை மணி நேரம் சொன்னேன். அளந்து அனுப்பினார்.