வேலி இலந்தையில் ஒரு புது இனம்

எங்கள் துறைத் தலைவரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்ககிரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்க நான் சேர்ந்த நாளிலிருந்து, "தறிக்காரங்க ஊட்டுப் புள்ளைக்கு மரஞ்செடி என்ன தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பார். குமாரபாளையத்தில் என் பெற்றோர் தறி ஓட்டியது உண்மைதான். அவருக்கு மட்டும் பிறவியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. என் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் அவர் கையெழுத்து வேண்டும். மூன்று வருடமாக அது அவர் மேசைக்குள் கிடந்தது.

காட்டு இலந்தை வகைகளைப் பற்றி அவர் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். வெயிலில் அலைந்து இலை பறித்து அளந்தது நான். வகை பிரிப்பது பெரிய வித்தையில்லை. சூரை மற்ற செடிகள்மேல் தொற்றி ஏறும். வளைந்த முள் புடவையைப் பிடித்தால் விடாது. சின்னப் பழம் கறுத்து மின்னும். கொட்டை இலந்தையின் காயைக் கடித்தால் பல் போய்விடும். சாதாரண இலந்தைக்கு இலை மேலே பச்சை, அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஆக மூன்று.

மேச்சேரி போகும் வழியில், ஒரு மேய்ச்சல் காட்டு வேலியில் நின்ற இலந்தை வேறு மாதிரி இருந்தது. இலை இரண்டு மடங்கு பெரிது. அடியில் வெள்ளை பேருக்குத்தான். முள்ளோ நீளநீளமாக. நான் கொண்டுபோன கிளையைப் பார்த்ததும் தலைவர் துள்ளிக் குதித்தார். "புது இனம்!" என்று கல்லூரி முழுக்கச் சொல்லிவிட்டார். தன் அப்பா பெயரையே அதற்கு வைக்கப்போகிறாராம்.

எனக்கு உறுத்தியது. ஒரு சனிக்கிழமை தனியாக அங்கே போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த, அந்தக் காட்டுக்குச் சொந்தக்கார அம்மாவிடம், "ஏனுங்க, இந்த எலந்தை எப்பவுமே இப்படித்தானுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சாமி. வருசா வருசம் ஆட்டுத் தழைக்கு வெட்டிப் போடறமுங்க. வெட்டுன எடத்துல மறுபடி தழையறது பெருசா, முள்ளுமுள்ளாத்தான் வருமுங்க. அருவா எட்டாத கெளையப் பாருங்க."

தொரட்டியால் உச்சிக் கிளை ஒன்றை அவரே இழுத்துக் காட்டினார். சின்ன இலை, அடியில் பளிச்சென்று வெள்ளை. மரம் ஒன்றுதான். எனக்கு வெட்கமாகவும், தலைவரை நினைத்துக் குஷியாகவும் இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு இலைகளையும் அவர் மேசையில் வைத்து, அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. சின்ன இலையை எடுத்துக் கையில் கசக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து என் தாளை எடுத்தார்.

"இது நமக்குள்ளயே இருக்கட்டுமுங்க. இன்னைக்கே போட்டுத் தர்றேன்" என்றார்.

அவர் முகத்தில் அந்தத் தாளை விட்டெறிந்திருக்க வேண்டும். "போடுங்க சார்" என்றேன்.

கட்டுரை வெளிவந்தது. அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்தது. எங்கள் பாடத்திலும் அது ஏறியது. மூன்று வகை என்பதை அழித்துவிட்டு நான்கு என்று கரும்பலகையில் எழுதியது என் கைதான். அவர்மேல் இருந்த வெறுப்பு குறையவில்லை. என்மேலும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது.

போன பருவத் தேர்வில், நம் பகுதி இலந்தை வகைகளை விளக்குக என்று ஒரு கேள்வி. ஒரு மாணவி மூன்றை மட்டும் எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி: "நான்காவது என்பது வெட்டிவிட்ட மரத்தில் தழைத்த இலை மட்டுமே. எங்கள் வீட்டில் ஆடு இருக்கிறது."

விடைக்குறிப்பில் நான்கு என்று இருந்தது. சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டு, மதிப்பெண்ணைக் குறைத்தேன்.