ஏரோது ராஜாவின் கிரீடம்

எங்கள் மாதா கோயில் திருவிழாவில் அந்த வருஷம், குழந்தை இயேசுவைத் தேடி வரும் மூன்று ராஜாக்கள் நாடகம். ஏரோது ராஜா வேஷம் எங்கள் நைனாவுக்கு. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வருஷா வருஷம் காவல்காரனாக ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றவருக்கு இது லேசான விஷயமா? மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை வெட்டிக்கொண்டே ஒரு மாதம் ஏரோது பாட்டைப் பாடினார். கூடவே திரிந்த எனக்கும் எல்லாம் மனப்பாடம். அவர் பாடினால் என் வாயும் தானாக அசையும். எனக்கு அப்போது எட்டு வயது.

கிரீடம் இரவல் வாங்கச் செஞ்சி கடைத்தெருவுக்குச் சைக்கிளில் போனோம். அரிசிக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே கூத்துக்காரர்களின் சின்னக் கோயில். உள்ளே அம்மன் பக்கத்தில் கண்ணாடி பதித்த கிரீடங்கள், சலங்கைகள். அவற்றுக்கும் பூ வைத்திருந்தார்கள். யார் கேட்டாலும் கிரீடம் கொடுப்பார்கள். ஆனால் வேஷம் கட்டப் போகிறவர் அம்மன் முன்னால் தன் பாட்டில் ஓர் அடியாவது பாடிக் காட்ட வேண்டும்.

நைனா கைகட்டி நின்றார். இருமினார். தெருவில் போன நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். பாட்டு வரவில்லை.

“இன்னாப்பா, ராஜா வேசம்ன்ற, வாயே தொறக்க மாட்டேன்ற?” என்றார் பூசை செய்யும் கூத்துக்காரர். “பாடலன்னா கிரீடம் இல்ல.”

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வேறு சாமி முன்னால் பாடினால் பாவம் என்று எங்களுக்கு வேதபாடம் நடத்தும் உபதேசியார் சொல்லியிருந்தார். நைனா அதற்குத்தான் பயப்படுகிறார்! சின்னப் பிள்ளைகளுக்குப் பாவத்தில் சலுகை உண்டு என்று நானே முடிவு செய்து, “பாராளும் ஏரோது ராஜன் வந்தேனே” என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி எடுத்துவிட்டேன்.

கூத்துக்காரர் சிரித்துவிட்டார். நைனாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி, எட்த்துக்கினு போ. ஆனா நாடகத்தன்னிக்கு இந்தப் பொண்ண முன்னாடி ஒக்கார வையி.”

அப்படியே நைனா எனக்கு முதல் வரிசையில் கோணி விரித்துக் கொடுத்தார். ஏரோது வந்தார். ஒரு கணம் திகைத்து நின்றார். என்னைப் பார்த்தார். பாடினார். கொல்லையில் பாடியதைவிடக் கணீரென்று பாடினார். அந்த மூன்று ராஜாக்களைப் பார்த்து உறும வேண்டிய இடத்தில்கூட என்னையே பார்த்து உறுமினார். ஊரே கை தட்டியது. நான் வழக்கம்போல் வாயசைத்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

இத்தனை பிள்ளைகள் இருக்க ராஜா என்னை மட்டும் விடாமல் பார்க்கிறாரே, என் புதுப் பாவாடை அவ்வளவு நன்றாக இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.