முறம் தட்டாத மத்தியானம்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தக் காகிதங்களில் பல என் காதைத் தாண்டித்தான் திருச்சிக்குள் போயிருக்கின்றன.

அவற்றை இங்கிலீஷிலிருந்து தமிழில் எழுதுவது என் மகளின் வேலை. தில்லை நகர் ஆபீஸ் ஒன்று அனுப்பும். அவள் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுவாள். முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டுவாள். நான் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே கேட்பேன். புரியாத இடத்தில் முறத்தை ஒரு தட்டு தட்டுவேன். அங்கே கோடு போட்டு மாற்றி எழுதுவாள்.

"உனக்குப் புரிஞ்சா லால்குடி பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்கு வர்ற எல்லாருக்கும் புரியும்மா" என்பாள். கேலிதான். எனக்கு அது பட்டம் வாங்கின மாதிரி.

ஒரு தரம், "எட்டு மணி நேரத்துக்கு உணவு உட்கொள்ளக் கூடாது" என்று படித்தாள். தட்டினேன்.

"இதுல என்ன புரியல?"

"சாப்பாடு கூடாது, சரி. காபி?"

"காபியும்தாம்மா கூடாது."

"அப்ப அதை எழுது. காபியை எவ சாப்பாட்டுல சேர்த்தா?"

அன்றிலிருந்து அவள் எழுதியதில் எல்லாம் காபி, டீ, தண்ணீர் என்று தனித்தனியாக இருக்கும்.

போன ஆடியில் ஒரு மத்தியானம் நான்கு பக்கம் படித்தாள். வழக்கத்தைவிட நிதானமாக. வரிக்கு வரி என் கையைப் பார்த்தாள். நான் ஓரிடத்திலும் தட்டவில்லை. காபி என்ற வார்த்தை வந்ததும் சிரித்தேன்.

"நீ எழுதினதுலயே இதுதான்டி நல்லா இருக்கு."

"நான் எழுதல. மெஷின் எழுதினது."

"அப்ப காபி எப்படி வந்துச்சு?"

"இத்தனை வருஷமா நான் அனுப்பினதையெல்லாம் அதுக்குக் கொடுத்திருக்காங்க. இது சரியா இருக்கான்னு என்னையே பார்க்கச் சொன்னாங்க. சரியா இருந்தா இனிமே எனக்கு வேலை வராது. நீ ஒரு இடத்துலயாவது தட்டுவேன்னு பார்த்தேன்."

முறத்தைத் தட்டினேன். இரண்டு மூன்று தட்டு. அரிசி தரையில் சிதறியது.

"இப்ப எதுக்கும்மா? எந்த இடம் புரியல, சொல்லு."

சொல்ல ஓரிடமும் இல்லை. புரியாததைப் புரிந்தது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. புரிந்ததைப் புரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. 'சரியாக இருக்கிறது' என்று எழுதி அனுப்பிவிட்டாள். அதோடு சரி, அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. வேறு இரண்டு ஆபீஸில் போய்க் கேட்டாள். அங்கேயும் மெஷின்தான்.

தை மாதம் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். நர்ஸ் பெண் காகிதத்தை எடுத்துவந்து படித்துக் காட்டினாள். காபி, டீ, தண்ணீர் எதுவும் கூடாது என்று அதில் இருந்தது.

"புரிஞ்சுதுங்களா பாட்டி?"

மகள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுவதற்குக் கட்டில் கம்பி இருந்தது.

"நல்லாவே புரிஞ்சுதும்மா" என்றேன். பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன்.