விளக்குப் போட்டதும் எழுந்து நின்றவர்

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோ நூலகம் ஒன்றில் பழைய ஊமைப்படங்கள் காட்டுவார்கள். அன்று ஒரு கௌபாய் படம். அதில் பூர்வகுடி என்பதற்காகவே ஒருவனுடைய காணியை வெள்ளையர்கள் பறித்தார்கள். எதிர்த்தபோது சுட்டுக் கொன்றார்கள். விளக்குப் போட்டதும், முன்வரிசையில் நரைத்த பின்னலோடு இருந்த பூர்வகுடி மனிதர் வழக்கம்போல எழுந்து, சனத்தைப் பார்த்து நின்றார்.

"ஏன் இப்படி நிற்கிறீர்கள்?" என்று அன்றுதான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"படங்களில் எங்கள் ஆட்கள் செத்துப்போகிறார்கள். நான் இருப்பதைச் சனம் பார்த்துவிட்டுப் போகட்டும். நீ எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம். எங்கள் காணியில் இப்போது ஆமி முகாம் இருக்கிறது."

அவர் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

"வாங்கோப்பா, பஸ் வரப்போகுது" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

"நீர் நடவும், நான் வாறன்."

சனம் போய் முடியும்வரை அவரோடு நின்றேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகு அவ்வளவு நிமிர்ந்து நான் நின்றதில்லை.