ஒப்பாரியை நீக்கியவன்

திங்கள், காலை 10.10: நாரணாபுரத்துப் பெண்மணி ஒருவர், பட்டாசு ஆலை விபத்தில் இறந்த தம் மகனின் படத்துக்குக் கீழே எழுதிய பதிவு என் திரைக்கு வந்தது. 10.11: நீக்கினேன். 10.12: அவருடைய கணக்கு முடங்கியது.

பதிவு இது: "பாவிப்பயலே, எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் நீ முந்திக்கிட்டியே. நாசமாப் போறவனே, என் வயித்துல ஏன்லே வந்து பொறந்த?"

கல்லூரித் தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், இணையத்தில் வரும் தமிழ்ப் பதிவுகளில் எது வசை என்று தீர்மானிக்கும் வேலையை விருதுநகரில் என் வீட்டிலிருந்தே செய்கிறேன். நிறுவனத்தின் கைட்லைன் வேறொரு நாட்டில் எழுதப்பட்டது. இறந்தவரை இழித்துரைத்தால் உடனே நீக்கச் சொல்கிறது. அங்கே துக்க வீட்டில் குரலைத் தாழ்த்துவார்கள் போலும்.

செவ்வாயன்று அந்தப் பெண்மணியின் மகளிடமிருந்து அப்பீல் வந்தது: "அம்மா ஏசலைங்கய்யா, அழுதாக. அண்ணன் பேசுன வீடியோ எல்லாம் அந்த அக்கவுண்ட்லதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல. தொறந்து விடுங்க."

சென்னையிலிருந்த டீம் லீடை அழைத்தேன்.

"சார், 'நாசமாப் போறவனே'ன்னு இருக்கு. கிளியர் வயலேஷன். நீங்கதானே ரிமூவ் பண்ணீங்க?"

"தப்புப் பண்ணிட்டேன். எங்க பக்கம் பெத்தவ அப்படித்தான் அழுவா."

"அழுகைக்குன்னு கேட்டகரி இல்லையே சார். கொஞ்சம் டீசன்ட்டா எழுதியிருக்கலாம்ல?"

"டீசன்ட்டா எழுதியிருந்தா, அவ தாய்தானான்னு நான் சந்தேகப்பட்டிருப்பேன்."

அவர் சிரித்தார். என் வீட்டு நிலைமை நினைவுக்கு வந்திருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

நான் அறியாமல் நீக்கவில்லை. சென்ற ஆண்டு எங்கள் மகனைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, என் மனைவியும் ஏறக்குறைய இதே சொற்களால்தான் அவனை ஏசி அழுதாள். கல்லூரியிலிருந்து பலர் வந்திருந்தார்கள். "நாலு பேர் வந்திருக்காக, வாயை மூடு" என்றேன். மூடிக்கொண்டாள். கைட்லைன் எனக்குப் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை.

வியாழனன்று கணக்கு திறக்கப்பட்டது. வீடியோக்கள் அழியாமல் இருந்தன. பதிவை மீட்க மட்டும் லீட் ஒப்பவில்லை. அந்தத் தாய் அதன்பின் அங்கே எதுவும் எழுதவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்கள், சொல்லை எடைபோடும் முன் அது யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போதாது.

செய்யாமல் நிற்பவை:

1. எங்கள் பக்கத்து ஒப்பாரி பற்றிக் கைட்லைனில் சேர்க்க ஒரு குறிப்பு எழுதுதல்.
2. நீக்கியவன் நான்தான் என்று அந்தத் தாய்க்குத் தெரிவித்தல். விதி இதற்கு இடம் தரவில்லை.
3. அன்று என் மனைவி சொல்லவந்த மிச்சத்தைக் கேட்டல்.